மறைக்க ஒண்ணுமில்லேன்னா, அரசாங்கம் நம்ம டேட்டாவைப் பார்த்தா என்ன பயம்?

நானும் ரொம்ப நாள் இதையேதான் கேட்டுட்டு இருந்தேன். நான் யார் குடியையும் கெடுக்கல, என் போனை எவன் நோண்டினா எனக்கென்னன்னு. ஒரு நாள் ராத்திரி எதையோ தேடப்போய் போன்ல இருந்த லொகேஷன் ஹிஸ்டரியைத் திறந்து பழசெல்லாம் பார்த்துட்டு இருந்தேன். வரிசையா 11 நாள், சாயங்காலம் 6 மணிக்கு ஒரே ஆஸ்பத்திரி, ராத்திரி 10 வரைக்கும் அங்கேயே. பன்னெண்டாவது நாள் விடியக்காலை 3 மணிக்கு வீட்லேர்ந்து கிளம்பி அதே இடம், அதுக்கப்புறம் ஒரு வாரம் நான் வீட்டை விட்டு அசையவே இல்ல. எங்க அப்பா போன கதை அது. அதுல ஒரு வார்த்தை கிடையாது, ஒரு போட்டோ கிடையாது, ஆனா யார் பார்த்தாலும் புரிஞ்சிடும். நான் அதை யார்கிட்டயும் மறைக்கல, ஆனா முகம் தெரியாத ஒருத்தர் ஆபீஸ்ல உக்காந்து அதைப் பார்க்கலாம்னு நான் சொல்லவும் இல்லையே.

"நீங்க பேசறதை ஒட்டுக்கேக்கல, யார் யாருக்கு எப்போ போன் பண்ணாங்கங்கிற கணக்கு மட்டும்தான்" அப்படின்னு ஒரு சமாதானம் சொல்வாங்க. அமெரிக்க உளவுத்துறைக்கு வேலை பார்த்த ஸ்னோடன், அரசாங்கம் மக்களோட போன் கணக்கை மொத்தமா சேர்த்து வைக்குதுன்னு 2013ல வெளிய சொன்னப்போ, அமெரிக்க அரசாங்கம் சொன்னதும் இதேதான். ஆனா ஜெர்மனில மால்டே ஸ்பிட்ஸ்னு ஒரு அரசியல்வாதி, தன்னைப் பத்தி போன் கம்பெனி வச்சிருந்த ஆறு மாச டேட்டாவை கேஸ் போட்டு வாங்கினார், 35,000 வரிக்கும் மேல. 2011ல அதை மேப்ல போட்டுக் காட்டினப்போ எங்க தூங்கினார், எந்த ஊருக்கு எப்போ போனார், எப்போ எல்லாம் போன்ல இருந்தார்னு அத்தனையும் தெரிஞ்சுது. பேச்சே தேவைப்படல.

அதை விட எனக்குப் பெரிய பயம், இன்னிக்கு நம்மகிட்ட டேட்டா வாங்கறவங்க ஒருத்தர், நாளைக்கு அதே ஃபைலைத் திறக்கறவங்க வேற ஒருத்தர்ங்கிறது. நெதர்லாந்துல ரெண்டாம் உலகப்போருக்கு முன்னாடியே மக்கள் பதிவேடு ரொம்ப ஒழுங்கா வச்சிருந்தாங்க, ஆளுக்கு ஒரு அட்டை, அதுல மதத்துக்கும் ஒரு கட்டம். அதைக் கேட்டவங்க மனசுல எந்தக் கெட்ட எண்ணமும் இல்ல, நிரப்பினவங்களுக்கும் மறைக்க ஒண்ணுமில்ல. 1940ல நாஜிக்கள் உள்ள வந்தாங்க, யூதர்களைத் தேடிப்பிடிக்க அந்தப் பதிவேடு கையில தயாரா இருந்துச்சு. அங்க இருந்த யூதர்கள்ல நாலுல மூணு பேர் கொல்லப்பட்டாங்க. 1943 மார்ச்ல நாஜிக்களை எதிர்த்த கொஞ்ச பேர் போலீஸ் மாதிரி டிரெஸ் பண்ணிட்டு ஆம்ஸ்டர்டாம் பதிவு ஆபீஸுக்குள்ள போய், டிராயர்ல இருந்த அட்டையெல்லாம் தரையில கொட்டி நெருப்பு வச்சாங்க. தீயணைப்புக்காரங்க வேணும்னே மெதுவா வந்து, எரியாத அட்டையும் வீணாகட்டும்னு தேவைக்கு மேல தண்ணி அடிச்சாங்க. அவ்வளவு பண்ணியும் கொஞ்சம் அட்டைதான் அழிஞ்சுது, அந்தக் கூட்டத்துல 12 பேரை ஜூலைல சுட்டுக் கொன்னுட்டாங்க. ஒரு கட்டத்தை நிரப்பாம விட்டிருந்தா போயிருக்கும், நிரப்பினதை அழிக்க உயிரைக் கொடுக்க வேண்டி வந்துச்சு. இன்னிக்கு அட்டை கூட இல்ல, காப்பி எத்தனை சர்வர்ல இருக்குன்னு வச்சிருக்கறவங்களுக்கே தெரியுமாங்கிறது சந்தேகம்.

அரசாங்கம் நல்லதாவே இருந்தாலும் பூட்டு நல்லா இருக்கணும்ல. 2015ல அமெரிக்க அரசு ஊழியர் டேட்டா திருட்டு வெளிய வந்தப்போ 2 கோடியே 15 லட்சம் பேர் விவரம் போயிருந்துச்சு, அதுல 56 லட்சம் பேரோட கைரேகை. பாஸ்வேர்டை மாத்திக்கலாம், விரலை எங்க போய் மாத்தறது?

போலீஸுக்கு எதுவுமே கொடுக்கக்கூடாதுன்னு நான் சொல்லல. குழந்தையைக் கடத்தினவன் போன் எங்க இருக்குன்னு பார்த்தே ஆகணும். ஆனா யாரோடது, எதுக்கு, எத்தனை நாளுக்குன்னு ஒரு ஜட்ஜ் முன்னாடி போய் காரணம் சொல்லட்டும். அமெரிக்காவுல கார்ப்பென்டர் கேஸ்ல வாரண்ட் இல்லாம ஒருத்தரோட 127 நாள் லொகேஷனை எடுத்திருந்தாங்க, அது தப்பு, வாரண்ட் வேணும்னு 2018ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. நான் கேக்கறதும் அவ்வளவுதான். அதோட, வேலை முடிஞ்சா அழிக்கணும், எடுத்ததை சம்பந்தப்பட்டவர்கிட்ட பின்னாடியாவது சொல்லணும்.

இப்போ நான் எந்த ஃபார்ம் கொடுத்தாலும் முதல்ல முழுசா படிக்கறேன். கட்டாயம்னு போடாத கட்டம் எதையும் நிரப்பறதில்ல, ஏன்னு கேட்டா "இது எதுக்கு உங்களுக்கு?"னு திருப்பிக் கேக்கறேன், பாதி நேரம் எதிர்ல உக்காந்திருக்கறவருக்கே பதில் தெரியறதில்ல.