உயிரியலா, வேதியியலா? ஜெர்மனிக்குப் பணம் அனுப்பும் முன் முடிவு செய்யுங்கள்

கேள்வி: மகள் பிளஸ் டூ, பயோ-மேத்ஸ் குரூப். ஜெர்மனியில் உயிரியல் அல்லது வேதியியல் பட்டம் படிக்க ஆசைப்படுகிறாள். எது என்று இன்னும் முடிவாகவில்லை. நேரடியாகச் சேர முடியாது, ஓராண்டு தயாரிப்புப் படிப்பு வேண்டும் என்கிறார்கள். அதற்கு ஒரு கன்சல்டன்சி 8 லட்சம் கேட்கிறது. எஃப்.டி.யில் 11 லட்சம், மியூச்சுவல் ஃபண்டில் 9 லட்சம் இருக்கிறது. சம்பளம் கையில் 85,000. சமாளிக்க முடியுமா? – நாமக்கல் வாசகர்

பதில்: முடியும், ஆனால் அந்த 8 லட்சத்தைக் கொடுக்காமல்.

முதலில் பெரிய செலவைப் பார்ப்போம். மாணவர் விசாவுக்கு பிளாக்டு அக்கவுண்டில் (முன்கூட்டியே பணம் போட்டு முடக்கிவைக்கும் கணக்கு) ஓராண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். அங்கே போனதும் மாதம் 992 யூரோ வீதம் கைக்கு வரும். வாடகை, சாப்பாடு, மருத்துவக் காப்பீடு எல்லாம் அதற்குள்தான். யூரோ 105 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்குப் பன்னிரண்டரை லட்சம். தயாரிப்பு ஓராண்டு, பட்டம் மூன்றாண்டு, ஆக 50 லட்சம். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணம் இல்லை. செமஸ்டருக்குச் சில நூறு யூரோ பங்களிப்பு மட்டும். பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலம் நம்மவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் கட்டணம் வாங்குகிறது. பட்டியல் போடும்போது இவற்றைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

இங்கே காசு கரைவது கட்டணத்தால் அல்ல, வீணாகும் மாதங்களால். ஒரு செமஸ்டர் தள்ளிப்போனால் ஆறே கால் லட்சம் போச்சு.

அந்தத் தயாரிப்புப் படிப்புக்குப் பெயர் ஸ்டூடியன்கொல்லெக். இரண்டு செமஸ்டர் முடிவில் தகுதித் தேர்வு. தவறினால் பொதுவாக ஒரே ஒரு மறுவாய்ப்பு. அரசு நடத்தும் இடங்களில் பொதுவாகப் படிப்புக் கட்டணம் கிடையாது. தனியார் இடங்களில் ஆயிரக்கணக்கில் யூரோ கேட்பார்கள். அவற்றில் பலவற்றின் மாணவர்கள் தகுதித் தேர்வை வெளியே, அரசு அமைப்பிடம்தான் எழுத வேண்டியிருக்கும். கன்சல்டன்சியிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “இறுதிச் சான்றிதழை யார் தருகிறார்கள், எல்லா மாநிலத்திலும் செல்லுமா?” எழுத்தில் பதில் வராவிட்டால் முன்பணம் கொடுக்காதீர்கள்.

உங்கள் மகளின் தயக்கம்தான் எனக்குக் கவலை தருகிறது. ஸ்டூடியன்கொல்லெக்கில் போகும் துறைக்கேற்ப ‘குர்ஸ்’ என்னும் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. மருத்துவம், ஃபார்மசி, உயிரியல் பக்கம் போக எம்-குர்ஸ். பொறியியல், இயற்பியல், வேதியியல் பக்கம் போகப் பெரும்பாலும் டி-குர்ஸ். டி-குர்ஸ் முடித்துவிட்டு “இல்லை, உயிரியல்” என்றால் கதவு திறக்காது. எம்-குர்ஸ் இடங்களுக்கு மருத்துவம் படிக்க நினைப்பவர்களும் மோதுவார்கள். போதாக்குறைக்கு, உயிரியலுக்குப் பல பல்கலைக்கழகங்களில் மதிப்பெண் வடிகட்டல் உண்டு. வேதியியலுக்குப் பல இடங்களில் அது இல்லை. மனசு இரண்டிலும் சமமாக இருந்தால், பர்ஸ் வேதியியல் பக்கம்தான் சாயும்.

வேதியியல் என்று முடிவானால் இன்னொரு வழியும் இருக்கிறது. இங்கேயே அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தில் அதே துறையில் முதலாண்டை அரியர் இல்லாமல் முடித்தால், அந்தத் துறைக்கு மட்டும் நேரடியாக விண்ணப்பிக்கலாம். ஊர்க் கல்லூரியில் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி ஓராண்டுக்கு ஆகும் செலவு அந்தப் பன்னிரண்டரை லட்சத்தின் பக்கத்தில்கூட வராது. ஆனால் நேரடிச் சேர்க்கைக்கு ஜெர்மன் மொழி கிட்டத்தட்ட சி1 நிலைக்கு (ஏ1 முதல் சி2 வரையான ஆறு நிலைகளில் ஐந்தாவது) வர வேண்டும். ஸ்டூடியன்கொல்லெக்குக்கு பி1 அல்லது பி2 போதும்.

எந்த வழியானாலும் மொழிக்கான செலவை ரூபாயில், இங்கேயே செய்துவிடுங்கள். ஸ்டூடியன்கொல்லெக்கில் சேர எழுதும் நுழைவுத் தேர்வில் பலர் சறுக்குவது சி-டெஸ்ட் என்னும் பகுதியில். ஒரு பத்தியைக் கொடுத்து, ஒன்றுவிட்டு ஒரு சொல்லின் பின்பாதியை அழித்திருப்பார்கள், நிரப்ப வேண்டும். பேசத் தெரிந்தால் மட்டும் இது வராது, வேற்றுமை உருபு விரல் நுனியில் இருக்க வேண்டும். கணிதத் தாளும் உண்டு. மடக்கை, வகையீட்டை மறக்க விடாதீர்கள். பாடச் சொற்களும் வேறு: நைட்ரஜன் அங்கே ‘ஷ்டிக்ஷ்டோஃப்’, சோடியம் ‘நாட்ரியும்’, பொட்டாசியம் ‘காலியும்’. (என்.ஏ., கே. என்ற குறியீடுகளை இங்கே மனப்பாடம் செய்த பிள்ளைகளுக்கு அங்கேதான் அர்த்தம் புரியும்.) தசமத்துக்குப் புள்ளி இல்லை, காற்புள்ளி. 1.000 என்றால் ஆயிரம்.

சிறு செலவுகள்: இந்தியர்களுக்குக் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ் கட்டாயம், கட்டணம் 18,000 ரூபாய். பல பல்கலைக்கழகங்களுக்கான விண்ணப்பங்களை வாங்கும் யூனி-அசிஸ்ட் அமைப்பு வழியே முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே பருவத்தில் அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30.

இனி உங்கள் பணம். எஃப்.டி.யை முதல் ஆண்டின் பிளாக்டு அக்கவுண்டுக்கு வையுங்கள். குறையும் ஒன்றரை லட்சத்தை ஃபண்டிலிருந்து எடுங்கள். மீதி ஃபண்ட் இரண்டாம் ஆண்டுக்குத் தேவை. அது ஈக்விட்டி என்றால், சந்தை எப்படி இருக்கும் என்று காத்திருக்க நேரமில்லை. இப்போதிருந்தே படிப்படியாக வெளியே எடுங்கள். ஒரு நிதியாண்டில் 1.25 லட்சம் வரை நீண்டகால லாபத்துக்கு வரி இல்லை என்பதால் மார்ச்சில் கொஞ்சம், ஏப்ரலில் கொஞ்சம் என்று பிரிக்கலாம்.

மீதிக்குக் கல்விக் கடன். மகள் பகுதி நேர வேலை பார்ப்பாள் என்று கணக்கில் எழுதாதீர்கள். வேதியியலில் ஆய்வக வகுப்புகள் கட்டாயம், அவை முழு நாளையும் விழுங்கும். வங்கியில் இப்போதே கேளுங்கள்: தயாரிப்பு ஆண்டுக்கும் கடன் உண்டா, பட்டத்துக்கு மட்டுமா? ஏழரை லட்சத்துக்கு மேல் பொதுவாக அடமானம் கேட்பார்கள். தவணை தவணையாக வாங்கினால் எடுத்த தொகைக்கு மட்டும் வட்டி. 10 சதவீதம் என்றால் பன்னிரண்டரை லட்சத்துக்கு மாதம் 10,400 ரூபாய் சுமார். அதைச் சம்பளத்திலிருந்து உடனுக்குடன் கட்டிவிடுங்கள், படிப்பு முடியும்வரை சேர விடாதீர்கள். கல்விக் கடன் வட்டிக்கான வரிச்சலுகை பழைய வரிமுறையில் மட்டும்தான்.

அனுப்பும்போது: ஒரு பான் எண்ணுக்கு நிதியாண்டில் 10 லட்சம் வரை டி.சி.எஸ். (வெளிநாட்டுக்கு அனுப்பும்போது வங்கி முன்கூட்டியே பிடிக்கும் வரி) கிடையாது, தகுதியுள்ள வங்கிக் கடனிலிருந்து போகும் கல்விச் செலவுக்கும் கிடையாது. நீங்கள் கொஞ்சம், மனைவி கொஞ்சம் என்று தத்தம் கணக்கிலிருந்து அனுப்பினால் பிடித்தமே வராது. ஒரே பெயரில் போனால் பிடித்ததை வருமான வரிக் கணக்கில் ஈடுகட்டலாம். மாற்று விகிதத்தில் ஒரு ரூபாய் வித்தியாசம் என்றால் 11,904 ரூபாய். இரண்டு மூன்று வங்கியில் ஒரே நாளில் விசாரியுங்கள். இடைப்பட்ட வங்கிக் கட்டணம் அனுப்புபவர் பொறுப்பு என்று படிவத்தில் குறியுங்கள், கணக்குத் திறப்புக் கட்டணம் போக 100 யூரோ கூடுதலாகவே அனுப்புங்கள். வழியில் 20 யூரோ கழிந்து தொகை குறைந்தால், விசாவுக்கான உறுதிச் சான்று மீதி வந்து சேரும்வரை கிடைக்காது.