தனியாக லே வரை பைக்கில்: மழையையும் ரிப்பேரையும் சமாளிப்பது எப்படி?

கேள்வி: மதுரைப் பக்கம் திருமங்கலத்தில் இருக்கிறேன். வயது 34. 2017இல் வாங்கிய 150 சி.சி. பைக், 48,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஜூலை நடுவில் நண்பரும் நானும் லடாக் போவதாக இருந்தோம். நண்பர் விலகிவிட்டார், தனியாகவே போகலாம் என்று இருக்கிறேன். லீவு 18 நாள். வழியெல்லாம் மழை பிடிக்கும் என்று பயமுறுத்துகிறார்கள். எனக்கு இந்தி தெரியாது. வண்டி நடுவழியில் நின்றால் என்ன செய்வது? என்னென்ன ஸ்பேர் எடுத்துப் போக வேண்டும்? இந்த வண்டி அவ்வளவு தூரம் தாங்குமா?

பதில்: வண்டி தாங்கும். 18 நாள்தான் போதாது. முதலில் அதைப் பேசிவிடுவோம்.

மதுரை, பெங்களூர், ஹைதராபாத், நாக்பூர், ஜான்சி, டெல்லி, ஜம்மு, ஸ்ரீநகர், கார்கில் என்று போனால் லே ஒரு வழிக்கே ஏறத்தாழ 3,800 கி.மீ. மழைக்காலத்தில் 150 சி.சி. வண்டியில் ஒற்றை ஆளாக நாளுக்கு 400 கி.மீ. ஓட்டினாலே நல்ல ஓட்டம். ஜம்மு சேர 8 நாள், அங்கிருந்து லேவுக்கு 4 நாள், லேயில் 2 நாள் ஓய்வு. மணாலி வழியாக டெல்லிக்கு இறங்க 5 நாள், டெல்லியிலிருந்து ரயிலில் ஊர் வர 2 நாள். கூட்டினால் 21. இதில் மழைக்கோ மண்சரிவுக்கோ ரிப்பேருக்கோ ஒரு நாள்கூட இல்லை. குறைந்தது 3 நாளை எந்த ஊருக்கும் ஒதுக்காமல் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆக, 24 நாள். இதை 18க்குள் அடைக்கப் பார்த்தால் கொட்டுகிற மழையிலும் ஓட்டுவீர்கள், இருட்டிய பிறகும் ஓட்டுவீர்கள், சத்தம் போடுகிற செயினை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவீர்கள். தனியாகப் போகிறவர்களுக்கு விபத்து நடப்பது பெரும்பாலும் அப்படிப்பட்ட நாளில்தான்.

கூடுதல் லீவு கிடைக்கவே கிடைக்காது என்றால், வண்டியை முன்கூட்டியே ரயில் பார்சலில் டெல்லிக்கு அனுப்பிவிடுங்கள். பின்னாலேயே நீங்கள் போய் எடுத்துக்கொண்டு, டெல்லியிலிருந்து ஸ்ரீநகர் வழியாக ஏறி மணாலி வழியாக இறங்குங்கள். 18 நாளுக்கு அதுவே சரியான பயணம். கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர்வரை சக்கரம் உருண்டால்தான் கணக்கு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

மாதத்தையும் மாற்றச் சொல்வேன். ஜூலையில் தெலங்கானாவின் வடபகுதியிலிருந்து மத்தியப் பிரதேசம் முழுக்கத் தென்மேற்குப் பருவமழையின் நடுவில் ஓட்டுவீர்கள். அது முடிந்து மலை ஏறினால் ஜம்மு–ஸ்ரீநகர் சாலையில் ராம்பன் பக்கம் மண்சரிவு, கூடவே அமர்நாத் யாத்திரை நெரிசல். இமாச்சலப் பக்கமும் லேசில்லை: 2023 ஜூலை வெள்ளத்தில் பியாஸ் ஆறு குலு–மணாலி சாலையைப் பல இடங்களில் அறுத்துக்கொண்டு போனது. வடமேற்கு இந்தியாவிலிருந்து பருவமழை விலகத் தொடங்குவது செப்டம்பர் நடுவில். செப்டம்பர் முதல் வாரம் கிளம்பினால் நீங்கள் ஏற ஏற மழை குறைந்துகொண்டே வரும், கணவாய்களும் திறந்திருக்கும்.

இனி உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். மழையைத் தனியாகவும் ரிப்பேரைத் தனியாகவும் கேட்டிருக்கிறீர்கள். பட்டறையில் எனக்குத் தெரிகிற கதை வேறு. நெடும்பயணத்தில் வண்டி நிற்பதற்குப் பெரும்பாலான காரணம், இரண்டு மூன்று நாளைக்கு முன் நனைந்ததைக் கவனிக்காமல் விட்டதுதான். மழைத்தண்ணீர் செயினிலிருந்த ஆயிலைக் கழுவிவிடும், மறுநாள் காலை கண்ணிகளுக்கு நடுவே செம்பொடி மாதிரி துரு தெரியும். அப்படியே ஓட்டினால் சில கண்ணிகள் இறுகி, செயின் ஒரு பக்கம் தொளதொளவென்றும் இன்னொரு பக்கம் விறைப்பாகவும் ஓடும். அதன் பிறகு ஸ்ப்ராக்கெட் பல் தேயும், ஜான்சி வெயிலில் ஒரு நாள் செயின் கழன்றுகொள்ளும். கழன்றது வெயில் நாளில்தான், ஆனால் காரணம் அடிலாபாத் மழை.

ஆகவே மழையில் ஓட்டிய நாள் மாலையில், குளிக்கப் போகும் முன் அரை மணி நேரம் வண்டிக்குக் கொடுங்கள். செயின் சூடாக இருக்கும்போதே சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, துணியால் துடைத்து, கீழ்ப்பக்கம் ஓடும் செயினின் உட்புறத்தில் 90 கிரேடு கியர் ஆயிலோ செயின் ஸ்ப்ரேயோ போடுங்கள். பின்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். எஞ்சினை ஓடவிட்டு, கியரில் போட்டு, துணியைச் செயின் அருகே கொண்டுபோகவே போகாதீர்கள். விரலை இழந்தவர்களை எனக்குத் தெரியும். ஓ-ரிங் உள்ள செயினாக இருந்தால் பெட்ரோலில் கழுவக் கூடாது, ரப்பர் கெட்டுவிடும். தொய்வு எவ்வளவு என்று வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கும். பின்னால் மூட்டை ஏற்றி உட்கார்ந்தால் செயின் இன்னும் இறுகும், அதனால் சொன்ன அளவின் தளர்ந்த எல்லையிலேயே வையுங்கள். அதிகமாக இறுக்கிய செயின் கியர்பாக்ஸ் பேரிங்கைத் தின்றுவிடும், அதை ரோட்டோரத்தில் சரிசெய்ய முடியாது.

அதே அரை மணி நேரத்தில் பிளக் கேப்பைக் கழற்றி உள்ளே ஈரம் இருந்தால் துடையுங்கள். ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்து பாருங்கள். பேப்பர் ஃபில்டர் நனைந்திருந்தால் மறுநாள் வண்டி திக்கித் திக்கித்தான் போகும். ஒரு சின்ன மல்ட்டிமீட்டரை எடுத்துப் போங்கள், விலை அதிகமில்லை. எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையில் 13.5லிருந்து 14.5 வோல்ட் வரை காட்டினால் சார்ஜிங் சரியாக இருக்கிறது. ஆக்சிலேட்டர் கொடுக்கக் கொடுக்க 15, 16 என்று ஏறினால் பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தை அளவாக வைக்கும் ரெக்டிஃபையர் போகப் போகிறது என்று அர்த்தம்; பல்பு அடிக்கடி ஃபியூஸ் ஆவதும் அதன் அறிகுறிதான். பெரிய ஊரில் இருக்கும்போதே மாற்றிவிடுங்கள்.

அடிலாபாத் தாண்டி விதர்பாவுக்குள் போனால் கரிசல் மண். உங்கள் பக்கத்துக் கரிசலைப் பார்த்தவர் என்பதால் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வண்டியில் அது செய்யும் வேலையைச் சொல்லியாக வேண்டும். சாலை வேலை நடக்கும் இடத்தில் டைவர்ஷன் விட்டிருப்பார்கள். ஐம்பது அடி போவதற்குள் மண் டயரில் சுருண்டு முன் மட்கார்டுக்குள் அடைத்துக்கொள்ளும். சக்கரம் சுற்றாது, வண்டி சறுக்கிச் சாயும். அந்த இடத்தில் ஆக்சிலேட்டரை முறுக்கினால் கிளட்ச் பிளேட் கருகும். இறங்கி, குச்சியாலோ பழைய ஸ்க்ரூடிரைவராலோ மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டு, ஓரத்துப் புல்மேல் ஏற்றித் தள்ளிக்கொண்டு போங்கள். அன்று மாலையே எஞ்சின் ஃபின்களிலும் பிரேக் கேலிப்பரிலும் ஒட்டியதைக் கழுவிவிட வேண்டும், காய்ந்தால் செங்கல்தான். வாட்டர் சர்வீஸ் கடையில் பிரஷர் தண்ணீரை வீல் பேரிங் பக்கமும் ஒயரிங் பக்கமும் அடிக்கவிடாதீர்கள்.

சாலைக்கு மேல் ஓடும் தண்ணீரைக் கடக்கவே வேண்டாம். ஓட்டத்தோடு முழங்கால் அளவு வந்தாலே வண்டியைத் தள்ளிவிடும், தூக்கிவிட ஆள் இல்லை. தேங்கிய தண்ணீரில் எஞ்சின் நின்றுபோனால் செல்ஃபை அழுத்தாதீர்கள். தள்ளி வெளியே கொண்டுவந்து, பிளக்கைக் கழற்றிவிட்டுக் கிக்கரை உதைத்து, உள்ளே தண்ணீர் இருந்தால் வெளியேற்றிய பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். இடி மின்னல் தொடங்கினால் மரத்தடியில் ஒதுங்காமல் பெட்ரோல் பங்க் அறையிலோ தாபாவிலோ ஒதுங்குங்கள்.

ஸ்பேர்: கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள், பிளக் ஒன்று, செயின் லாக் இரண்டு, ஃபியூஸ், ஹெட்லைட் பல்பு, பிரேக் பேட் ஒரு ஜோடி, பஞ்சர் கிட், காற்றடிக்கும் கைப்பம்ப், எம்-சீல், கட்டுக்கம்பி, ஜிப் டை. ஸ்பானர்களை உங்கள் வண்டியில் போட்டுப் பார்த்து எடுத்துவையுங்கள், பொதுவான செட்டில் பாதி உதவாது. புதுக் கிளட்ச் கேபிளைப் பையில் வைக்காமல் பழையதன் கூடவே ஹேண்டில்பாரிலிருந்து எஞ்சின்வரை ஓடவிட்டு ஜிப் டையால் கட்டிவிடுங்கள். அறுந்தால் இரண்டு முனையையும் மாற்றி மாட்ட ஐந்து நிமிடம் போதும், டேங்கைக் கழற்ற வேண்டாம். அந்த ஐந்து நிமிடம் இருட்டிலும் தூறலிலும் வந்தால் இதன் அருமை தெரியும்.

வண்டிக்கு 48,000 கி.மீ. ஆகிவிட்டதால் செயின் செட், இரண்டு சக்கரத்துக்கும் பேரிங், பிரேக் ஆயில், பேட்டரி எல்லாவற்றையும் புதிதாக மாற்றுங்கள். ஆனால் கிளம்புவதற்கு முதல் நாள் மாற்றக் கூடாது, மூன்று வாரம் முன்பே மாற்றிவிடுங்கள். புது பார்ட் பொருத்தியதில் கோளாறு இருந்தால் முதல் சில நூறு கி.மீ.க்குள் தெரிந்துவிடும். முழு மூட்டையையும் கட்டிக்கொண்டு ஒருமுறை கொடைக்கானல் ஏறி இறங்குங்கள். எந்த போல்ட் தளர்கிறது, எந்தக் கயிறு அவிழ்கிறது, பிரேக் எங்கே மங்குகிறது என்று எல்லாம் அந்த மலையே சொல்லிவிடும்.

மொழியைப் பற்றிக் கவலை வேண்டாம். பிளக், கேபிள், பேரிங், கார்புரேட்டர் என்று நீங்கள் சொல்வதைத்தான் மத்தியப் பிரதேசத்துச் சியோனி ஊர் மெக்கானிக்கும் சொல்வார், அவரை அங்கே மிஸ்திரி என்பார்கள். உங்களுடையது ஊரெல்லாம் ஓடும் 150 சி.சி. என்பது உங்கள் அதிர்ஷ்டம். சின்ன டவுனில்கூட ஸ்பேர் கிடைக்கும். விலை உயர்ந்த பெரிய வண்டிக்கு ஒரு லீவருக்காக வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். தேசிய நெடுஞ்சாலையில் நின்றுபோனால் 1033, உயிருக்கு ஆபத்தென்றால் 112.

மலையில் விஷயம் மாறுகிறது. 2017 வண்டி என்றால் அநேகமாகக் கார்புரேட்டர்தான். மேலே போகப் போகக் காற்று மெலிந்து, பெட்ரோல் அதிகமாகி, பிளக் கரி பிடித்து இழுவை குறையும். ஸ்ரீநகர் பாதையில் மிக உயரமான கணவாயான ஃபோட்டு லா 4,108 மீட்டர், சமாளித்துவிடும். மணாலி பாதையிலுள்ள தங்லாங் லா 5,328 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ பாதிதான், முதல் கியரில் ஏறினால் பதறாதீர்கள். லேயில் ஒரு மெக்கானிக்கிடம் ஐடிலை மட்டும் சரிசெய்துகொள்ளுங்கள், கார்புரேட்டருக்குள் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டை மாற்ற வேண்டாம். லே–மணாலி பாதையில் கரு என்ற ஊரில் டேங்கை நிரப்புங்கள். அங்கிருந்து தாண்டி என்ற ஊர்வரை 300 கி.மீ.க்கு மேல் பங்க் கிடையாது. பனி உருகி வரும் ஓடைகளைக் காலையிலேயே கடந்துவிடுங்கள், மதியத்துக்குமேல் தண்ணீர் ஏறும். இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே வராமல் கியரில் இறங்குங்கள்.

ஸ்ரீநகர் வழியாக ஏறச் சொன்னது உங்கள் உடம்புக்காகவும்தான். ஸ்ரீநகர் 1,600 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, கார்கில் 2,700 மீட்டருக்கு அருகில், லே 3,500. படிப்படியாக ஏறுவதால் உடம்பு பழகும். மணாலி வழியாக ஏறினால் முதல் இரவே 4,000 மீட்டருக்கு மேல் படுக்க நேரலாம். தலைவலியோடு வாந்தி வந்தால் அதற்குமேல் ஏறாதீர்கள். நடை தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ உடனே கீழே இறங்கியாக வேண்டும். தனியாக இருப்பவருக்குத் தன் தள்ளாட்டம் தனக்கே தெரியாது. அதனால் தங்குமிடத்துக்காரரிடம், காலையில் நான் எழுந்து வராவிட்டால் கதவைத் தட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் படுங்கள். கூச்சம் வேண்டாம், அவர்களுக்கு இது பழக்கம்.

வெளிமாநிலத்து ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் எடுக்காது. போஸ்ட்பெய்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். தினமும் காலையில் வீட்டில் ஒரே ஒருவருக்கு இன்று எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு, எந்தப் பாதையில் என்று அனுப்புங்கள். மாலையில் தங்குமிடத்தின் பெயரையும் போன் நம்பரையும் அனுப்புங்கள். லே–மணாலி நடுவில் பெரும்பாலான இடத்தில் சிக்னல் இருக்காது என்பதை முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் வீட்டில் தூக்கம் போய்விடும்.

திரும்பும்போது, நிஜாமுதீனிலிருந்து புறப்படும் திருக்குறள் எக்ஸ்பிரஸ் மதுரை வழியாகத்தான் போகிறது. வண்டியைத் திருமங்கலத்துக்குப் போடாமல் மதுரைக்கே புக் செய்யுங்கள், இறக்க நேரம் இருக்கும். பார்சல் ஆபீசுக்குச் சில மணி நேரம் முன்பே போய்விடுங்கள். ஆர்.சி. நகல், அடையாள அட்டை நகல், இன்சூரன்ஸ் நகல் கையில் இருக்கட்டும். டேங்கில் பெட்ரோல் இருக்கக் கூடாது, பைப்பைக் கழற்றிச் சொட்டுவரை வடித்துவிடுங்கள். கண்ணாடிகளைக் கழற்றிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். சாக்குச் சுற்றிக் கட்ட ஸ்டேஷன் வாசலிலேயே ஆள் இருப்பார்கள். கட்டி முடித்த பிறகு மதுரை என்று பெரிய எழுத்தில் இரண்டு பக்கமும் எழுதியிருக்கிறார்களா என்று நீங்களே பார்த்துவிட்டு ரசீதை வாங்குங்கள்.