கூரையை முடிவு செய்த பிறகு அறைகளை வரையுங்கள்

கேள்வி: மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டுக்கு வெளியே, பழைய பால்மரத் (ரப்பர்) தோட்டத்தை ஒட்டி எங்கள் குடும்பத்துக்கு அரை ஏக்கர் சரிவு நிலம் உள்ளது. குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் அங்கு வரவில்லை. பள்ளி விடுமுறைகளில் ஐந்து பேர் தங்க வீட்டை எப்படி அமைப்பது?

பதில்: அறைகளைவிடக் கூரையின் அளவையே முதலில் முடிவு செய்யுங்கள், உங்களுக்குத் தண்ணீரும் மின்சாரமும் அங்கிருந்துதான் வரப்போகின்றன. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு லிட்டர். ஆகவே 60 சதுர மீட்டர் தகரக் கூரையில் 20 மில்லிமீட்டர் பெய்தால், சேதாரம் போக ஏறத்தாழ 1,000 லிட்டர் சேரும். ஆளுக்கு 80 லிட்டர் வீதம் சிக்கனமாகப் புழங்கினால் நாளொன்றுக்கு 400 லிட்டர் செலவாகும் என்பதால், இரண்டு வாரம் மழையில்லாமல் போனாலும் தாங்குவதற்கு 6,000 லிட்டர் தொட்டி வேண்டும். பேராக்கில் ஏப்ரல், அக்டோபரை ஒட்டிய மாதங்களில் தொட்டி எளிதில் நிரம்பிவிடும்; ஆண்டுத் தொடக்கமும் ஜூன், ஜூலையும்தான் சோதனைக் காலம். அந்த ஆண்டுத் தொடக்கத்தில்தான் பால்மரங்களும் இலையுதிர்க்கின்றன. சருகு அடைத்த தாழ்வாரக் குழாயில் அடுத்து வரும் மழை வீணாக வழிந்தோடும் என்பதால், மார்ச் மாதத்தில் அதைச் சுத்தம் செய்வதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். கூரையைக் கழுவிவரும் முதல் நீரைத் தனிக் குழாயில் வெளியேற்றுங்கள். வீடு பல நாள் பூட்டிக் கிடக்கும்; ஏடிஸ் கொசு புகாதபடி தொட்டியின் எல்லா வாய்களுக்கும் நுண்வலை கட்டாயம். குடிநீரைக் கொதிக்கவைத்தே பருகுங்கள்.

ஒரு கிலோவாட் சூரியத் தகடுகள் நம் நாட்டில் நாளொன்றுக்குச் சுமார் மூன்று யூனிட் தரும். விளக்குகள், மூன்று மின்விசிறிகள், சிறிய குளிர்பதனப் பெட்டி, தண்ணீர்ப் பம்பு ஆகியவற்றுக்கு அது போதும், குளிரூட்டிக்குப் போதாது. அதனால் வெப்பத்தை வீட்டின் அமைப்பே தணிக்க வேண்டும்: நீண்ட சுவர்கள் வடக்கும் தெற்கும் நோக்கட்டும், கூரை விளிம்பு ஒரு மீட்டராவது நீளட்டும். இடி மின்னல் மிகுந்த பகுதி என்பதால் தரையிணைப்பையும் மின்னழுத்தக் காப்பையும் தவிர்க்காதீர்கள்.

சரிவை வெட்டிச் சமப்படுத்துவதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். வெட்டிய மண் அடைமழையில் சரியும். மலாய்க் கிராமங்களான கம்பத்து வீடுகளைப்போல் தூண்கள்மேல் உயர்த்திக் கட்டினால் ஈரமும் கறையானும் எளிதில் அண்டா. கழிவுநீர்த் தொட்டியைச் சரிவின் கீழ்ப்புறத்தில், ஓடைக்கு எட்டாத தொலைவில் வையுங்கள்.

நிலப் பட்டாவில் விவசாயம் என்ற நிபந்தனை இருக்கக்கூடும். வரைபடத்துக்குப் பணம் செலவிடும் முன்னரே மாவட்ட நில அலுவலகத்திலும் நகராண்மைக் கழகத்திலும் தேவையான அனுமதிகளைக் கேட்டறிந்துகொள்ளுங்கள்.