அலுவலகக் கணினிகளையும் ஊழியர்களின் கைபேசிகளையும் இன்ட்யூனுக்கு மாற்றும்போது எதை முதலில் செய்வது?

எழுபது கணினிகள், அவற்றில் பாதி வெளியே போய்வரும் மடிக்கணினிகள், ஊழியர்களின் சொந்தக் கைபேசிகளில் அலுவலக மின்னஞ்சல், அலுவலக மூலையில், பயனர் கணக்குகளையும் கணினிகளையும் நிர்வகிக்கும் ஒரு பழைய ஆக்டிவ் டைரக்டரி சர்வர். இதுதான் உங்கள் நிலை. சர்வரில் உள்ள குரூப் பாலிசிகளை (அங்கிருந்து கணினிகளுக்குப் போகும் அமைப்பு விதிகள்) அப்படியே, கருவிகளை இணையம் வழியாக நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் சேவையான இன்ட்யூனுக்குக் கொண்டுபோகலாமா, கைபேசிகளையும் கட்டாயமாகப் பதிவுசெய்ய வேண்டுமா, இன்ட்யூனுக்கு மாற்று உண்டா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். கோவையில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்பவன் என்ற முறையில் சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன்: பழைய பாலிசிகளை நகலெடுக்க வேண்டாம், ஊழியரின் சொந்தக் கைபேசியைப் பதிவுசெய்ய வேண்டாம், மாற்று உண்டு.

குரூப் பாலிசி விண்டோஸ் 2000 காலத்தில் வந்தது. கணினி அலுவலக வலையமைப்புக்குள் இருக்கிறது, டொமைன் கன்ட்ரோலர் (அந்த ஆக்டிவ் டைரக்டரி சர்வர்) கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்பதை நம்பியே அது இயங்குகிறது; இயல்பாக 90 நிமிடங்களுக்கு ஒரு முறை, அதோடு 30 நிமிடங்கள் வரை தாமதமும் சேர, கணினி தன் பாலிசிகளைப் புதுப்பித்துக்கொள்ளும். வீட்டிலிருந்து வேலை செய்பவர் அலுவலக வலையமைப்போடு இணைக்கும் விபிஎன்னைப் போடவே இல்லையென்றால் மாதக்கணக்கில் ஒன்றும் போய்ச் சேராது. இன்ட்யூனுக்கு இணைய இணைப்பு மட்டும் போதும். ஆனால் வழக்கமான தொடர்பு ஏறக்குறைய எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறைதான். இரண்டின் இயல்பும் வேறு என்பதால், பத்தாண்டுகளாகச் சேர்ந்த பாலிசிகளை வரிக்கு வரி மாற்ற முயல்வது வீண் உழைப்பு. இன்ட்யூனில் ‘குரூப் பாலிசி அனலிட்டிக்ஸ்’ என்றொரு பகுதி இருக்கிறது; பழைய பாலிசியை எக்ஸ்எம்எல் கோப்பாக எடுத்து அதில் ஏற்றினால், எதற்கெல்லாம் புதிய முறையில் இணை உண்டு என்று காட்டிவிடும். அதை ஒரு முறை படித்துப் பார்ப்பதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கான அமைப்புகள், எப்போதோ கழற்றிய பிரிண்டருக்கான லாகான் ஸ்கிரிப்ட், முந்தைய நிர்வாகி யாருக்கோ சலுகையாகச் செய்துகொடுத்த விதிவிலக்கு என்று பாதிக்கு மேல் குப்பையாகவே இருக்கும்.

தொடங்குவதற்கு முன் இரண்டைச் சரிபாருங்கள். ஒன்று, விண்டோஸ் பதிப்பு. கடையில் வாங்கிய மடிக்கணினிகளில் பெரும்பாலும் ஹோம் பதிப்புதான் இருக்கும். அதை மைக்ரோசாஃப்ட்டின் இணையவழிக் கணக்குச் சேவையான என்ட்ரா ஐடியில் ஜாயின் செய்ய முடியாது, புரோ பதிப்புக்கு உயர்த்தியாக வேண்டும். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றே முடிந்துவிட்டதால், அதில் தங்கிவிட்ட கணினிகளையும் இப்போதே பட்டியலிட்டுக்கொள்ளுங்கள். மற்றொன்று, உரிமம். மைக்ரோசாஃப்ட் 365 பிசினஸ் பிரீமியத்தில் இன்ட்யூனும் என்ட்ரா ஐடி பி1உம் சேர்ந்தே வருகின்றன; 300 பேர் வரை உள்ள நிறுவனங்களுக்கான திட்டம் அது என்பதால் உங்கள் அளவுக்குத் தாராளம். பழைய கணினிகளை இப்போதைக்கு ஹைப்ரிட் ஜாயினில் (சர்வரிலும் என்ட்ராவிலும் ஒருசேர இணைந்த நிலையில்) விட்டுவைத்து, புதிதாக வாங்குபவற்றையும் ஃபார்மட் செய்பவற்றையும் மட்டும் நேரடியாக என்ட்ராவில் ஜாயின் செய்யுங்கள். பயனர் கணக்குகள் சர்வரிலிருந்து என்ட்ராவுக்கு ஒத்திசைக்கப்பட்டிருந்தால், என்ட்ராவில் மட்டும் ஜாயின் செய்த கணினியும் அலுவலகத்துக்குள் இருக்கும்போது பழைய ஃபைல் சர்வரைத் தடையின்றித் திறக்கும். சர்வரை முதல் நாளே அணைக்க வேண்டிய அவசியமில்லை.

முதல் மாதத்துக்குப் பாலிசிகள் மிகக் குறைவாக இருக்கட்டும். நான் முதலில் வைப்பது பிட்லாக்கர். வட்டைக் குறியாக்கம் செய்வதோடு, அதன் 48 இலக்க மீட்புச் சாவி என்ட்ரா ஐடியில் சேமிக்கப்பட்ட பிறகே குறியாக்கம் தொடங்க வேண்டும் என்ற அமைப்பையும் சேர்த்து வைக்க வேண்டும். 2024 ஜூலை 19 அன்று பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்டிரைக்கின் பிழையான புதுப்பிப்பால் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றபோது, அவற்றைச் சேஃப் மோடில் திறந்து பழுதான கோப்பை நீக்குவதற்குப் பல இடங்களில் இந்தச் சாவிதான் முதலில் தேவைப்பட்டது. சாவிகளை வைத்திருந்த சர்வரும் அதே நீலத்திரையில் நின்ற நிறுவனங்களின் பாட்டை அந்த வாரம் முழுவதும் நம் துறையில் எல்லோரும் பேசினார்கள். அடுத்து விண்டோஸ் புதுப்பிப்பு: ஐந்தாறு பேர் கொண்ட முன்னோட்டக் குழுவுக்கு உடனடியாகவும், மற்றவர்களுக்கு ஒரு வாரம் தள்ளியும். மூன்றாவது, லோக்கல் அட்மின் கடவுச்சொல்லைத் தானாக மாற்றி என்ட்ராவில் பதியும் விண்டோஸ் லாப்ஸ். அதை வைத்துவிட்டு ஊழியர்களின் நிர்வாகி உரிமையைப் படிப்படியாக எடுத்துவிடலாம். எடுக்கும்போது கணக்குப் பிரிவைக் கடைசியில் வையுங்கள், ஏனென்றால் நிர்வாகி உரிமை இல்லாமல் ஓட மறுக்கும் பழைய மென்பொருள் எங்கேயாவது இருக்குமென்றால் அங்கேதான் இருக்கும். பென்டிரைவைத் தடை செய்யும்போதும் அதே பிரிவை நினைத்துக்கொள்ளுங்கள்: சேமிப்பகத்தில் எழுதுவதை மட்டும் தடுத்தால் எம்சிஏ (கம்பெனி விவகார அமைச்சகம்), ஜிஎஸ்டி தளங்களில் டிஜிட்டல் கையொப்பமிடும் டிஎஸ்சி யூஎஸ்பி டோக்கனுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் யூஎஸ்பி கருவிகளின் நிறுவலையே மொத்தமாகத் தடுத்தால் ஆடிட்டரிடமிருந்து முதல் அழைப்பு உங்களுக்குத்தான் வரும்.

இவை எல்லாக் கணினிகளிலும் சரியாக அமர்ந்த பிறகே கம்ப்ளையன்ஸ் பாலிசியையும் கண்டிஷனல் ஆக்சஸையும் தொட வேண்டும். வட்டு குறியாக்கப்பட்டிருக்கிறதா, ஃபயர்வால் இயங்குகிறதா, விண்டோஸ் பதிப்பு குறைந்தபட்ச எண்ணுக்குக் கீழே இல்லையே என்று கேட்டுக் கணினிக்கு ‘தகுதி உண்டு’ அல்லது ‘இல்லை’ என்று முத்திரையிடுவது முன்னது. அந்த முத்திரையைப் பார்த்து மின்னஞ்சலையும் டீம்ஸையும் ஒன்டிரைவையும் திறந்துவிடுவதோ மறுப்பதோ பின்னது. எதை விட்டாலும் இந்த இணைப்பை விடக் கூடாது என்பது என் கருத்து, ஏனென்றால் இது இல்லாவிட்டால் மற்ற பாலிசிகளெல்லாம் பதிவான கணினிகளை மட்டுமே கட்டுப்படுத்தும், பதிவாகாத ஏதோ ஒரு வீட்டுக் கணினியிலிருந்து யார் வேண்டுமானாலும் கடவுச்சொல்லை அடித்து உள்ளே வந்துகொண்டே இருக்கலாம்.

இங்கே ஓர் இயல்பமைப்பைக் கட்டாயம் மாற்றுங்கள். எந்தக் கம்ப்ளையன்ஸ் பாலிசியும் ஒதுக்கப்படாத கருவியை இன்ட்யூன் தானாகவே ‘தகுதி உண்டு’ என்று கொள்ளும். அதை ‘இல்லை’ என்று திருப்பி வைக்காவிட்டால் வாசலில் காவலாளி நிற்பார், கதவு மட்டும் திறந்தே கிடக்கும். கண்டிஷனல் ஆக்சஸ் விதியை முதலில் ‘ரிப்போர்ட் ஒன்லி’ நிலையில் வைத்து, அமலில் இருந்திருந்தால் யார் யாரெல்லாம் தடுக்கப்பட்டிருப்பார்கள் என்பதைச் சைன்-இன் பதிவுகளில் சில வாரங்கள் பாருங்கள். எந்த விதிக்கும் உட்படாத இரண்டு அவசர நிர்வாகிக் கணக்குகளும் தனியாக இருக்க வேண்டும். நிர்வாகத் தளங்களுக்கு மைக்ரோசாஃப்ட் இப்போது இரண்டாம் கட்டச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கிவிட்டதால், அவற்றுக்கு ஃபிடோ2 பாதுகாப்புச் சாவியை (உள்நுழையும்போது கணினியில் செருகும் சிறு கருவி) வாங்கி அலுவலகப் பெட்டகத்தில் பூட்டி வைப்பது நல்லது.

இனி கைபேசி. முழுமையான பதிவு என்பது கருவியின் மீது நிறுவனத்துக்கு அதிகாரம் கொடுப்பது. ஊழியரின் சொந்த ஐபோனைச் சாதாரண முறையில் பதிவுசெய்துவிட்டால், நிர்வாகப் பக்கத்தில் ‘வைப்’ என்ற பொத்தான் கிடைத்துவிடும். அழுத்தினால் குழந்தையின் பிறந்தநாள் படங்கள் உட்பட எல்லாம் போய்விடும். யாரும் வேண்டுமென்று அழுத்தமாட்டார்கள்தான், ஆனாலும் அப்படியொரு பொத்தான் என் கையில் இருப்பதே எனக்கு உவப்பில்லை. ஆண்ட்ராய்டில் வொர்க் புரொஃபைல் முறை இதைவிட நாகரிகமானது: சிறு பெட்டிக் குறியோடு அலுவலகச் செயலிகள் தனியறையில் இருக்கும், மாலையில் அந்த அறையை ஊழியரே அணைத்து வைக்கலாம், நிறுவனத்தால் அந்த அறையை மட்டுமே அழிக்க முடியும். இருந்தும், மின்னஞ்சலும் டீம்ஸும் மட்டுமே தேவைப்படுபவருக்கு இதுவும் அதிகம் என்றே நினைக்கிறேன்.

உங்களுக்குப் போதுமானது செயலிப் பாதுகாப்புப் பாலிசி. கைபேசியைப் பதிவுசெய்யாமலே அவுட்லுக், டீம்ஸ், ஒன்டிரைவ், வேர்டு ஆகிய செயலிகளுக்குள் இருக்கும் அலுவலகக் கணக்கை மட்டும் இது கட்டுப்படுத்துகிறது. செயலியைத் திறக்கத் தனி பின் எண் கேட்கும். அஞ்சலோடு வரும் கோப்பை ஃபோனின் உள்ளே சேமிக்க விடாது. அவுட்லுக்கில் ஒரு விலைப்பட்டியலின் நான்கு வரிகளை நகலெடுத்து வாட்ஸ்ஆப்பில் ஒட்டினால், அந்த வரிகளுக்குப் பதிலாக உங்கள் நிறுவனத்தின் தரவை இங்கே ஒட்ட முடியாது என்ற ஒற்றை வாக்கியம் ஆங்கிலத்தில் வந்து விழும். விற்பனைப் பிரிவினர் இதைக் குறை என்று புகார் செய்வார்கள். வாடிக்கையாளருக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பித்தான் ஆக வேண்டுமென்றால், எந்தக் குழுவுக்கு எவ்வளவு தளர்த்துவது என்பதை முதலாளியோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்; அது கணினிப் பிரிவு தனியாக எடுக்கும் முடிவல்ல. ஊழியர் விலகும்போது ‘செலக்டிவ் வைப்’ கொடுத்தால், அடுத்த முறை செயலி திறக்கப்படும்போது அலுவலகத் தரவு மட்டும் நீங்கும். செயலி இணையத்தோடு தொடர்பே கொள்ளாமல் கிடந்தாலும், இயல்பமைப்பின்படி 90 நாட்களுக்குப் பின் அதுவே தரவை நீக்கிவிடும்.

ஊழியர்களிடம் முன்கூட்டியே இரண்டு விஷயங்களை எழுத்தில் சொல்லிவிடுங்கள். ஆண்ட்ராய்டில் இந்தப் பாலிசி இயங்குவதற்குக் கம்பெனி போர்ட்டல் செயலி ஃபோனில் இருந்தே ஆக வேண்டும்; அதில் உள்நுழைந்து பதிவுசெய்யத் தேவையில்லை, வெறுமனே இருந்தால் போதும். இதைச் சொல்லாவிட்டால் அந்தச் செயலியின் பெயரைப் பார்த்ததுமே ‘ஃபோனைக் கண்காணிக்கிறார்கள்’ என்ற பேச்சு மதிய உணவுக்குள் கிளம்பிவிடும். இந்த முறையில் நிறுவனத்தால் படங்களையோ குறுஞ்செய்திகளையோ அழைப்புப் பட்டியலையோ உலாவல் வரலாற்றையோ பார்க்க முடியாது என்பது இரண்டாவது. கண்டிஷனல் ஆக்சஸில் ‘செயலிப் பாதுகாப்பு கட்டாயம்’ என்று வைத்தவுடன், ஐபோனின் சொந்த மெயில் செயலியில் அலுவலக அஞ்சல் வராது, அவுட்லுக்குக்கு மாற வேண்டும் என்பதையும் அதே கடிதத்தில் சேர்த்துவிடுங்கள். நிறுவனமே வாங்கிக் கொடுக்கும் ஃபோன்கள், கிடங்கில் ஸ்கேன் செய்யும் டேப்லெட்டுகள் ஆகியவற்றின் கதை வேறு. அவற்றை முழுநிர்வாக முறையிலோ, குறிப்பிட்ட செயலிகளை மட்டும் திறக்கவிடும் கியாஸ்க் முறையிலோ பதிவுசெய்யத் தயங்க வேண்டாம்.

புதிய மடிக்கணினிகளுக்கு, முதல் உள்நுழைவிலேயே கணினியைத் தானாக அமைத்துவிடும் ஆட்டோபைலட்டைப் பழகிக்கொள்ளுங்கள். விற்பனையாளரே கருவிகளை உங்கள் கணக்கில் பதிந்து தருவார். இல்லையென்றால் முதல் திரையில் ஷிஃப்ட்டையும் எஃப்10ஐயும் சேர்த்து அழுத்தி, பவர்ஷெல் ஸ்கிரிப்ட் வழியாக, அந்தக் கணினியை அடையாளம் காட்டும் ஹார்டுவேர் ஹாஷை நீங்களே ஏற்றலாம். அதன்பின் கணினியை நேராக ஊழியரின் வீட்டுக்கே அனுப்பலாம். அவர் வைஃபையில் இணைந்ததும் உங்கள் நிறுவனத்தின் பெயரோடு உள்நுழைவுத் திரை வரும், செயலிகளும் பாலிசிகளும் அமரும்வரை டெஸ்க்டாப் திறக்காது. சர்வீஸ் சென்டரில் மதர்போர்டை மாற்றினால் ஹாஷ் மாறிவிடும் என்பதையும், பழைய கணினியை விற்கும்போது அழித்தால் மட்டும் போதாது, ஆட்டோபைலட் பதிவையும் நீக்க வேண்டும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நீக்காமல் விற்றால், வாங்கியவர் விண்டோஸை எத்தனை முறை புதிதாக நிறுவினாலும் உங்கள் நிறுவனத்தின் உள்நுழைவுத் திரைதான் அவருக்கு வந்து நிற்கும்.

பாலிசி போய்ச் சேரவில்லை என்று பதற்றப்படும் நேரங்களில் பெரும்பாலும் காரணம் பொறுமையின்மைதான். புதிதாகப் பதிவான விண்டோஸ் கணினி முதல் கால் மணி நேரத்துக்கு மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை கேட்கும், அடுத்த இரண்டு மணி நேரம் கால் மணிக்கு ஒரு முறை, அதன்பின் எட்டு மணி நேரச் சுழற்சி. அவசரமென்றால் செட்டிங்ஸில் கணக்குகளின் கீழுள்ள அலுவலகக் கணக்குப் பகுதிக்குப் போய் ‘சிங்க்’ அழுத்துங்கள். இரண்டு பாலிசிகள் ஒரே அமைப்புக்கு வெவ்வேறு மதிப்பைக் கொடுத்தால் ‘கான்ஃபிளிக்ட்’ என்று காட்டும். இதைத் தவிர்க்க, ஓர் அமைப்பை ஒரே பாலிசியில் மட்டும் வைக்கும் வழக்கத்தைத் தொடக்கத்திலேயே கொண்டுவாருங்கள். ஹைப்ரிட் கணினிகளில் பழைய குரூப் பாலிசியும் குறுக்கிடும் என்பதால், எதை இன்ட்யூனுக்கு மாற்றினீர்களோ அதைச் சர்வரில் நீக்கிவிடுங்கள்.

ஐபோன், ஐபேட், மேக் எதையாவது பதிவுசெய்தால், அவற்றோடு இன்ட்யூன் தொடர்புகொள்ளத் தேவைப்படும் ஆப்பிளின் புஷ் சான்றிதழ் ஓராண்டுக்கு மட்டுமே செல்லும். அதே ஆப்பிள் கணக்கைக் கொண்டே புதுப்பிக்க வேண்டும். வேறு கணக்கில் புதிய சான்றிதழ் எடுத்தால் எல்லா ஆப்பிள் கருவிகளையும் மீண்டும் பதிவுசெய்ய நேரிடும். ஆகையால் அந்தக் கணக்கு தனிநபர் முகவரியில் இல்லாமல், நிறுவனத்தின் பொது முகவரியில் இருக்கட்டும்.

மாற்று பற்றி: உங்கள் அஞ்சலும் கோப்புகளும் மைக்ரோசாஃப்ட் 365இல் இருப்பதால் இன்ட்யூனையே பரிந்துரைக்கிறேன், ஏனென்றால் கண்டிஷனல் ஆக்சஸோடு உள்ள இணைப்பு வேறெதிலும் இவ்வளவு நேரடியாகக் கிடைக்காது. கூகுள் வொர்க்ஸ்பேஸ் வைத்திருந்தால் அதன் சொந்தக் கருவி நிர்வாகத்தையும், மேக் மட்டுமே இருந்தால் ஜாம்ஃபையும் முதலில் பார்க்கச் சொல்லியிருப்பேன். சர்வரை இப்போதைக்கு விட முடியாது, விண்டோஸோடு லினக்ஸும் கலந்திருக்கிறது, தொலைவிலிருந்து திரையைப் பார்த்துச் சரிசெய்யும் வசதியும் அதே இடத்தில் வேண்டும் என்றால், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோவின் மேனேஜ்என்ஜின் எண்ட்பாயிண்ட் சென்ட்ரலைச் சோதித்துப் பாருங்கள். அதை உங்கள் சொந்தச் சர்வரிலும் நிறுவலாம், கிளவுட் வடிவிலும் வாங்கலாம்.