கிரீன் கார்டு விண்ணப்பமும் குடிவரவுத் துறையின் கடிதங்களும்: கேள்வி பதில்

அமெரிக்காவில் கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்துக் காத்திருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நான் வழக்கறிஞர் அல்லன். இதே வரிசையில் பல ஆண்டுகள் நின்றவன். நண்பர்களுக்கு வந்த கடிதங்களை அவர்களோடு உட்கார்ந்து வரிவரியாகப் படித்தவன். சிக்கலான வழக்கு என்றால் குடிவரவு வழக்கறிஞரைக் கட்டாயம் பாருங்கள்.

கேள்வி: ஐ-485 என்ற கிரீன் கார்டு விண்ணப்பப் படிவத்தை அனுப்பி மூன்று வாரத்தில் ஐ-797சி என்ற கடிதம் வந்தது. ஒப்புதல் கிடைத்துவிட்டது என்று வீட்டில் எல்லோரும் மகிழ்கிறார்கள். உண்மைதானா, அண்ணா?

இல்லை, அது ரசீது மட்டுமே. இந்த அறிவிப்பு எந்தக் குடிவரவு நிலையையும் சலுகையையும் வழங்கவில்லை என்று அந்தக் கடிதத்தின் மேற்பகுதியிலேயே அச்சிட்டிருக்கும். ஐ-797 என்பது ஒரே கடிதம் அன்று, ஒரு குடும்பம். ரசீது, பயோமெட்ரிக்ஸ் (கைரேகையும் புகைப்படமும் எடுக்கும்) அழைப்பு, வழக்கை வேறு அலுவலகத்துக்கு மாற்றிய தகவல் ஆகியவை ‘சி’ வகையில் வரும். கூடுதல் சான்று கேட்கும் கடிதம் ‘இ’ வகை, அதைச் சுருக்கமாக ஆர்எஃப்இ என்பார்கள். ஒப்புதல் கடிதம், எண்ணுக்குப் பின்னால் எழுத்து இல்லாமல் வெறும் ஐ-797 ஆகவும் இருக்கலாம். எச்-1பி வேலை விசா நீட்டிப்பில் வருவது போல, அடியில் ஐ-94 (எதுவரை தங்கலாம் என்று காட்டும் பதிவு) இணைந்த ‘ஏ’ வகையாகவும் இருக்கலாம்.

ரசீது கைக்கு வந்தவுடன் மூன்று எழுத்தும் பத்து எண்ணும் கொண்ட வழக்கு எண்ணைக் குறித்து வையுங்கள். எஸ்ஆர்சி என்று தொடங்கினால் டெக்சாஸ் சேவை மையம், எல்ஐஎன் என்றால் நெப்ராஸ்கா சேவை மையம், ஐஓஇ என்றால் மின்னணு முறையில் பதிவான வழக்கு. பிறகு பெயர், பிறந்த தேதி, விண்ணப்பப் பிரிவு, பிரயாரிட்டி டேட் (வரிசையில் உங்கள் இடத்தைக் காட்டும் தேதி) ஆகிய நான்கையும் பாஸ்போர்ட்டோடும், ஐ-140 என்ற வேலைவழி மனுவின் ஒப்புதலோடும் ஒப்பிடுங்கள். இந்தியர்களுக்கு நாளும் மாதமும் இடம் மாறி விழுவது நடக்கக்கூடிய பிழை. அதை அன்றே திருத்தக் கேட்டால் எளிது. கார்டு அச்சான பிறகு கேட்டால் மாதக்கணக்கில் இழுக்கும்.

கேள்வி: ஆர்எஃப்இ வந்திருக்கிறது. கைகால் நடுங்குகிறது. நிராகரிப்புக்கு முந்தைய படியா இது?

பதறாதீர்கள். கோப்பில் உள்ளதை வைத்து முடிவெடுக்க முடியவில்லை, இன்னும் இது வேண்டும் என்று அதிகாரி கேட்கிறார், அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பதில் எழுதும் வாய்ப்பு ஒரே ஒருமுறைதான், அதில் அலட்சியம் கூடாது.

முதலில் கடைசித் தேதியைப் பாருங்கள். சட்டப்படி அதிகபட்சம் 12 வாரம், அதாவது 84 நாள். அஞ்சலில் அனுப்பப்பட்ட கடிதத்துக்கு உள்நாட்டில் 3 நாள் கூடுதல். கணக்கு எதுவாயினும் கடிதத்தில் அச்சிட்டிருக்கும் தேதியையே நம்புங்கள். அந்தத் தேதிக்குள் பதில் அவர்கள் கையில் இருக்க வேண்டும். அன்று அஞ்சலில் சேர்த்தேன் என்பது செல்லாது. அவகாச நீட்டிப்பும் கிடையாது.

அடுத்து, கேட்டவை அனைத்தையும் ஒரே கட்டாக அனுப்புங்கள். பாதியை இப்போதும் மீதியைப் பிறகும் அனுப்பினால், முதலில் போன பாதியை மட்டும் வைத்தே முடிவு செய்துவிட அவர்களுக்கு அதிகாரம் உண்டு. அவர்கள் அனுப்பிய அசல் கடிதம் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கட்டும். அதன் கீழே, ஆர்எஃப்இ எந்த வரிசையில் கேட்கிறதோ அதே வரிசையில் பதில் சொல்லும் ஒரு முகப்புக் கடிதத்தை வையுங்கள். முழுக் கட்டையும் நகலெடுத்துக்கொண்டு, ஆர்எஃப்இ-யில் குறிப்பிட்ட முகவரிக்கே, போய்ச் சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும் கூரியரில் அனுப்புங்கள்.

பதிலே அனுப்பாவிட்டால், விண்ணப்பத்தைக் கைவிட்டதாகக் கருதி நிராகரிக்கலாம். அந்த வகை நிராகரிப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்ய முடியாது. மறுதிறப்பு மனு மட்டுமே போட முடியும்.

கேள்வி: என் பிறப்புச் சான்றிதழ் போதாது என்று ஆர்எஃப்இ சொல்கிறது. பிறந்தது தமிழ்நாட்டில் ஒரு கிராமம். பதிவு செய்தது பல ஆண்டுகள் கழித்து. என்ன செய்வது?

நம்மவர்களுக்கு அடிக்கடி வருவது இதுதான். எனக்கும் வந்தது. என் சான்றிதழில் பெற்றோர் பெயர், தேதி, ஊர் எல்லாம் சரியாக இருந்தன. ‘பெயர்’ என்ற கட்டத்தில் மட்டும் ஒரு சிறு கோடு. பிறந்தபோது பெயர் வைக்கவில்லை, பிறகு யாரும் போய்ச் சேர்க்கவில்லை. இருபது ஆண்டுகள் அந்தக் கோட்டை நான் கவனித்ததே இல்லை, அதிகாரி கவனித்தார்.

பிறந்து வெகுகாலம் கழித்துப் பதிவு செய்த சான்றிதழை அவர்கள் எளிதில் ஏற்பதில்லை, துணைச் சான்று கேட்பார்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், பள்ளி மாற்றுச் சான்றிதழ், மருத்துவமனைப் பதிவு ஆகியவற்றில் பிறந்த தேதியும் பெற்றோர் பெயரும் இருப்பவற்றைத் திரட்டுங்கள். பதிவே இல்லை என்றால், நகராட்சியிலோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ பதிவு இல்லை என்ற சான்றை வாங்கி, அதோடு இரண்டு பேருடைய உறுதிமொழிப் பத்திரங்களைச் சேருங்கள். உங்கள் பிறப்பை நேரில் அறிந்தவர்களே அதில் கையெழுத்திட வேண்டும்: பெற்றோர், பெரியப்பா, அத்தை போன்றோர். தமக்கு அது எப்படித் தெரியும் என்பதை அவர்கள் தம் சொற்களில் சொல்லட்டும். இரண்டு பத்திரமும் ஒரே வாசகத்தை நகலெடுத்தது போல இருந்தால் மதிப்பு குறையும்.

தமிழில் உள்ள எந்த ஆவணத்துக்கும் முழு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். மொழிபெயர்ப்பு முழுமையானது, சரியானது, இரு மொழியும் தமக்குத் தெரியும் என்று மொழிபெயர்த்தவர் எழுதிக் கையெழுத்திட்டு இணைக்க வேண்டும். தலைப்பெழுத்து ஓர் ஆவணத்திலும், அதன் விரிவான தந்தை பெயர் குடும்பப் பெயராக இன்னோர் ஆவணத்திலும் இருந்தால், இரண்டும் ஒருவரே என்று விளக்கும் பத்திரத்தையும் கேட்காமலே சேர்த்துவிடுங்கள். நம் ஊர்ப் பெயர் முறையை அதிகாரி அறிந்திருப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று.

கேள்வி: வழக்கை வேறு அலுவலகத்துக்கு மாற்றிவிட்டதாகக் கடிதம் வந்தது. தவறு ஏதும் செய்துவிட்டேனா?

இல்லை. பெரும்பாலும் பணிச்சுமையைப் பகிர்ந்துகொள்வதற்கான மாற்றமே அது. வழக்கு எண் அதேதான். நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

கேள்வி: விசா வரிசையின் வரம்புத் தேதி பின்னால் போனதால் என் முறை தள்ளிப்போய்விட்டது. இந்த நிலையில் மருத்துவப் பரிசோதனை கேட்டு ஆர்எஃப்இ வந்திருக்கிறது. தேதி திரும்ப வரட்டும் என்று காத்திருக்கலாமா?

காத்திருக்கக் கூடாது. வெளியுறவுத் துறை மாதந்தோறும் வெளியிடும் விசா புல்லட்டினில் இந்த வரம்புத் தேதி பின்னால் போனால் ஒப்புதல் நிற்கும், ஆனால் ஆர்எஃப்இ-யின் கடைசித் தேதி நிற்காது. ஐ-693 என்ற மருத்துவப் பரிசோதனைப் படிவத்தை, அங்கீகாரம் பெற்ற மருத்துவர் (சிவில் சர்ஜன்) முத்திரையிட்டுத் தரும் உறையிலேயே அனுப்புங்கள். ஆர்வத்தில் உறையைப் பிரித்துவிட்டால் அது செல்லாது. உங்களுக்கென ஒரு நகலைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். 2024 டிசம்பர் 2 முதல் ஐ-485 அனுப்புகிறவர்கள் இந்தப் படிவத்தையும் கூடவே வைக்க வேண்டும் என்பதால், இந்த வகை ஆர்எஃப்இ பெரும்பாலும் அதற்கு முன் விண்ணப்பித்தவர்களுக்கே வருகிறது.

கேள்வி: நிராகரிக்கும் நோக்கம் என்ற அறிவிப்பு வந்திருக்கிறது. இதுவும் ஆர்எஃப்இ போன்றதா?

இது அதைவிடக் கடுமையானது. நிராகரிக்கவே எண்ணுகிறோம், மறுப்பு இருந்தால் சொல்லுங்கள் என்கிறார்கள். அவகாசமும் அதிகபட்சம் 30 நாள்தான், அஞ்சலுக்கு 3 நாள் கூடுதல். இதற்கு மட்டும் நீங்களே பதில் எழுத முயலாதீர்கள். இன்றே வழக்கறிஞரிடம் செல்லுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு உடல்நிலை சரியில்லை, ஊருக்குப் போக வேண்டும். பயோமெட்ரிக்ஸ் தேதி அடுத்த வாரம். போகலாமா?

அம்மா விரைவில் நலம் பெற வேண்டும். போகும் முன் இரண்டைப் பாருங்கள். குறித்த நாளில் வர முடியாது என்றால், அந்த நாளுக்கு முன்பே காரணத்தைச் சொல்லி வேறு தேதி கேளுங்கள். சொல்லாமல் விட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடக்கூடும். இரண்டாவது, அட்வான்ஸ் பரோல் (திரும்பி வர முன்கூட்டியே பெறும் அனுமதி) கையில் இல்லாமல் நாட்டைவிட்டு வெளியேறினால் ஐ-485 கைவிடப்பட்டதாகவே கருதப்படும். செல்லுபடியாகும் எச்-1பி, எல்-1 வேலை விசா நிலையில் உள்ளவர்களுக்கும் அவர்களைச் சார்ந்தவர்களுக்கும் இதில் விலக்கு உண்டு. நீங்கள் எந்த நிலையில் இருக்கிறீர்கள் என்று கேள்வியில் இல்லை. அதை உறுதி செய்யாமல் விமானம் ஏறாதீர்கள்.

கேள்வி: வீடு மாறினோம். அஞ்சலகத்தில் முகவரி மாற்றம் கொடுத்துவிட்டேன், போதாதா?

போதாது. வீடு மாறிய 10 நாளுக்குள் ஏஆர்-11 என்ற முகவரி மாற்றப் படிவம் வழியாகக் குடிவரவுத் துறைக்கும் தெரிவிக்க வேண்டும். இணையத்திலேயே செய்யலாம், கட்டணம் இல்லை. நிலுவையில் உள்ள ஒவ்வொரு வழக்கின் எண்ணிலும் புதிய முகவரி ஏறியதா என்று பாருங்கள். வராத ஆர்எஃப்இ-க்கும் கடைசித் தேதி ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

கேள்வி: குடிவரவு அதிகாரி என்று சொல்லி ஒருவர் தொலைபேசியில் அழைத்து, ஆர்எஃப்இ-யை முடித்துத் தரப் பரிசு அட்டையில் பணம் கட்டச் சொன்னார்.

மோசடி. இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். உண்மையான ஆர்எஃப்இ எழுத்து வடிவில்தான் வரும். உங்கள் இணையக் கணக்கில் வழக்கு எண்ணை இட்டு நிலையைப் பாருங்கள். பாஸ்போர்ட் எண்ணையோ வழக்கு எண்ணையோ அவரிடம் சொல்லியிருந்தால் உங்கள் வழக்கறிஞருக்கும் தெரிவியுங்கள்.