அம்மா எழுந்து போன இடம்

அன்புள்ள சார்,

போன மாதம் நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்துவிட்டு, ராமாயணத்தை வைத்து எடுத்த ‘சீதா சிங்ஸ் தி ப்ளூஸ்’ என்ற அமெரிக்கக் கார்ட்டூன் படத்தைப் பார்த்தோம். ஞாயிறு மதியம், வீட்டு டிவியில். நான், மனைவி, எட்டாவது படிக்கும் மகள், அம்மா. அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. கும்பகோணம் பக்கம். டெல்லிக்கு வந்து நாற்பது வருடம் ஆகிறது. தினமும் சுந்தர காண்டம் படிப்பவர்.

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. சீதை இடுப்பை ஆட்டிக்கொண்டு அமெரிக்கப் பாட்டுப் பாடுகிறாள். கதை சொல்லும் மூன்று பேருக்கும் கதையே சரியாகத் தெரியவில்லை. காட்டுக்குப் போனவளுக்கு நகை எங்கிருந்து வந்தது என்றுகூடத் தெரியாதவர்கள் எதற்கு ராமாயணம் சொல்ல வேண்டும்? தன் புருஷன் விட்டுப் போனதற்கு, படம் எடுத்த அமெரிக்கப் பெண்மணி ஏன் நம் ராமனைப் பிடித்துத் திட்ட வேண்டும்?

அம்மா இடைவேளை வரை ஒன்றும் சொல்லவில்லை. லட்சுமணன் சீதையைக் காட்டில் விட்டுவிட்டு வருகிற இடத்தில் எழுந்து உள்ளே போய்விட்டார். ராத்திரி சரியாகச் சாப்பிடவும் இல்லை. மனைவி உங்களைத்தான் குறை சொல்கிறாள். இது அவமதிப்பு இல்லை என்று இன்னமும் சொல்வீர்களா?

ஆர். எஸ்.,
மயூர் விஹார், டெல்லி

அன்புள்ள ஆர். எஸ்.,

அம்மா சாப்பிடாததற்கு நானும் ஒரு காரணம். பெரியவர்களை வைத்துக்கொண்டு பார்க்க வேண்டாம் என்று குறிப்பில் ஒரு வரி சேர்த்திருக்கலாம். தோன்றவில்லை. மனைவியிடம் சொல்லுங்கள், திட்டு வந்து சேர்ந்தது.

நகை விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். அது அனசூயை கொடுத்தது. அத்ரி முனிவரின் ஆசிரமத்தில் சீதையைப் பக்கத்தில் உட்கார வைத்து, உன் கல்யாணக் கதையைச் சொல் என்று கேட்டு, நகையும் சேலையும் பூச்சும் கொடுத்து அலங்காரம் செய்து அனுப்புகிறாள் அந்தக் கிழவி. வால்மீகியில் அயோத்தியா காண்டம் முடிகிற இடம். படத்தில் அந்த மூன்று நிழல் பொம்மைகளுக்கும் இது தெரியவில்லை. எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுத்தானே வந்தாள், வழியெல்லாம் போட்டுக்கொண்டே போக நகை ஏது என்று ஒருவர் கேட்க, மற்றவர்கள் விழிக்க, கடைசியில் இந்தக் கதையையெல்லாம் கேள்வி கேட்கக் கூடாதப்பா என்று முடித்துக்கொள்கிறார்கள். உங்களுக்கு எரிச்சல் வந்த அந்த இடம்தான் மொத்தப் படத்திலும் எனக்கு ரொம்பப் பிடித்தது. அவர்களுக்கு யாரும் வசனம் எழுதித் தரவில்லை. படத்தை எடுத்த நினா பேலி மூன்று இந்தியர்களை உட்கார வைத்துப் பேசவிட்டு, அதைப் பதிவு செய்து, அந்தக் குரலுக்குப் பொம்மை வரைந்திருக்கிறார். எந்த நூற்றாண்டு என்று ஒரு சண்டை வருகிறதே, பதினான்கு என்று ஒருவர் சொல்ல, அது மொகலாயர் காலம் என்று இன்னொருவர் மறுக்க! கரோல் பாகில் என் மாமா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் இதைவிட மோசமாகக் கேட்டிருக்கிறேன்.

நான் நாகர்கோவில்காரன். எங்கள் பக்கம் கோவில் கொடைக்குத் தோல்பாவைக் கூத்து வரும். வெள்ளை வேட்டித் திரை, பின்னால் ஒரு குண்டு பல்பு, அதைச் சுற்றி ஈசல். ஒரே ஆள்தான் ராமனுக்கும் ராவணனுக்கும் சீதைக்கும் குரல் மாற்றிப் பேசுவார். ராமன் திரைக்கு வந்ததும் முன்வரிசைக் கிழவிகள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். இரண்டு நிமிடம் கழித்து உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்று இரண்டு கோமாளிகள் வருவார்கள். ஒருவனுக்குக் குடுமி நட்டுக்கொண்டு நிற்கும், மற்றவனுக்குத் தலை ஒரு தினுசு. ராவணன் சபைக்கு நடுவில் ரேஷன் அரிசியைப் பற்றிப் பேசுவார்கள், லட்சுமணன் போட்ட கோட்டைச் சீதை ஏன் தாண்டினாள் என்று அடித்துக்கொள்வார்கள், பச்சையாகவும் நாலு வார்த்தை விழும். கன்னத்தில் போட்டுக்கொண்ட அதே கிழவிகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவார்கள். யாரும் அவமதிப்பு என்று எழுந்து போய் நான் பார்த்ததில்லை. அந்தத் தோல்பாவைகளுக்கு அமெரிக்காவில் பிறந்த ஒன்றுவிட்ட சொந்தம்தான் இந்த மூன்று பேரும்.

அமெரிக்கப் பாட்டு பற்றி. நாற்பது வருட டெல்லியில் நீங்கள் ராம்லீலா பார்க்காமல் இருக்க முடியாது. எங்கள் பேட்டை மைதானத்தில் சூர்ப்பனகை அந்தந்த வருடத்து இந்திப் பாட்டுக்குத்தான் ஆடுவாள். அதற்குக் கைதட்டி, பத்து ரூபாய் நோட்டு குத்திவிட்டு வருகிறவர்களில் நானும் உண்டு. சீதை ஆடினால்தான் நமக்குக் குத்துகிறது. இதில் பாடுவது ஆனெட் ஹன்ஷா என்ற அமெரிக்கப் பாடகி, 1920களின் கடைசியில் பதிவான குரல். கெஞ்சல் மாதிரியும் இருக்கிறது, அலட்சியம் மாதிரியும் இருக்கிறது. அடிபட்ட பெண்ணின் பாட்டுக்கு அந்தக் குரலை எடுத்தது சரியான தேர்வு என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

பாட்டோடு ஒரு வேடிக்கையும் உண்டு. ராமாயணத்தை எடுக்க நினா பேலி யாருக்கும் காசு கொடுக்க வேண்டியிருக்கவில்லை. எண்பது வருடப் பழைய அந்த மெட்டுகளுக்கு உரிமைக்காரர்கள் கேட்டது சுமார் 2,20,000 டாலர். பேரம் பேசி 50,000 டாலருக்கு வந்து, அதையும் கடன் வாங்கிக் கட்டினார். அப்புறம் படத்தையே யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். அதனால் டிவியில் ஓசியில் பார்த்தோமே என்ற உறுத்தல் உங்களுக்கு வேண்டாம்.

புருஷன் விட்டுப் போன கதை. வேலைக்காகத் திருவனந்தபுரம் வந்த நினா பேலியின் கணவர் (எங்கள் ஊரிலிருந்து இரண்டு மணி நேரம்!) ஒரு மின்னஞ்சலில் உறவை முடித்துக்கொண்டார். அந்தப் பெண் ராமாயணத்தைப் படித்தார், கம்ப்யூட்டரில் தனியாக உட்கார்ந்து ஐந்து வருடம் வரைந்தார். நம் வீடுகளில் பெண்கள் வேறு என்ன செய்தார்கள்? மாமியார் படுத்தியபோதும் புருஷன் பேசாதபோதும் அசோகவனத்தைத்தானே திறந்து வைத்துக்கொண்டார்கள்? அவருக்கு அந்த உரிமை இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. படம் பெர்லின் விழாவில் முதலில் திரையிடப்பட்டது 2008 பிப்ரவரியில். அதே மாதம்தான் இங்கே டெல்லிப் பல்கலைக்கழக வரலாற்றுத் துறைக்குள் புகுந்து அடித்து நொறுக்கினார்கள். ராமாயணங்கள் பல என்று ஏ.கே. ராமானுஜன் எழுதிய கட்டுரை பாடத்தில் இருந்ததற்காக. 2011இல் அந்தக் கட்டுரையை எடுத்தும்விட்டார்கள். நீங்கள் அந்தக் கூட்டம் இல்லை என்று எனக்குத் தெரியும். நீங்கள் உட்கார்ந்து பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள்.

ஒரு விஷயத்தில் உங்கள் எரிச்சல் நியாயம். படத்தின் ராமன் சப்பை. நீலத் தசையும் விறைப்பும்தான். வால்மீகியில் சீதையைக் காணாமல் மரம் மரமாகப் போய், கடம்பே பார்த்தாயா, வில்வமே பார்த்தாயா என்று பைத்தியம் பிடித்தவன்போல் கேட்கிற ராமன் இருக்கிறான். அவளைக் காட்டுக்கு அனுப்பிவிட்டு, வேறு பெண்ணை மணக்காமல், யாகத்துக்குப் பொன்னில் சீதை செய்து வைத்துக்கொண்ட ராமன் இருக்கிறான். அவன் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. அவனுக்கும் வலித்தது என்பதில் படத்துக்கு அக்கறை இல்லை. வலிக்காத ராமன் விட்டுப் போனால் சீதையின் துக்கமும் ஒரு சுற்று சிறுத்துத்தான் போகிறது. லவகுசர்கள் அப்பாவைப் புகழ்வதுபோலக் குத்திப் பாடும் பாட்டு இருக்கிறதே, சிரித்துவிட்டு, ராமன் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று தேடினேன். மூலத்தில் அது எப்பேர்ப்பட்ட இடம்! ராமாயணத்தை முதலில் அரங்கேற்றியவர்களே அந்த இரண்டு பையன்கள்தான். வீணையோடு பாடுகிறார்கள். கேட்ட முனிவர்கள் கண்ணீர் விட்டு, கையில் இருந்த குடத்தையும் மரவுரியையும் எடுத்துக் கொடுக்கிறார்கள். பிறகு ராமனே சபையில் உட்கார்ந்து தன் கதையைக் கேட்கிறான்.

சரி, அம்மாவுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். சீதை இடுப்பை ஆட்டியபோது அம்மா எழுந்து போகவில்லை. ராவணன் தூக்கிப் போனபோதும் போகவில்லை. (கம்பன் அங்கே அவளைத் தொடவே விடமாட்டான், பர்ணசாலையை மண்ணோடு பெயர்த்து எடுக்க வைப்பான்.) ராமன் கடுஞ்சொல் சொல்லி அவள் தீயில் இறங்கியபோதும் உட்கார்ந்திருந்தார். அதற்கு அம்மாவிடம் தாங்குகிற வரி இருக்கிறது: “தீந்தது அவ் எரி, அவள் கற்பின் தீயினால்.” நெருப்பே வெந்துபோனது என்று கம்பன் சொல்லியிருக்கிறான், உட்கார்ந்துவிடலாம். வயிற்றில் பிள்ளையோடு காட்டில் விடுகிற இடத்தில்தான் எழுந்தார்.

எங்கள் வீட்டில் பாட்டி பாராயணம் செய்வாள். பட்டாபிஷேகம் வந்ததும் பாயசம் வைத்து, கற்பூரம் காட்டி, புத்தகத்தைப் பட்டுத் துணியில் சுற்றி வைத்துவிடுவாள். உத்தர காண்டம் வீட்டில் படிக்கக் கூடாது. கம்பனும் பட்டாபிஷேகத்தோடு முடித்துவிட்டான், உத்தர காண்டம் ஒட்டக்கூத்தர் பாடியது என்பார்கள். ஏன் படிக்கக் கூடாது என்று கேட்டால், ஆகாது என்பாள், அவ்வளவுதான். ஒருமுறை மட்டும், அரிசி புடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், “அவ என்னடா பண்ணினா” என்றாள்.

உங்கள் அம்மா ராமனை அவமதித்துவிட்டார்கள் என்று எழுந்து போனாரா? எனக்கு அப்படித் தெரியவில்லை. தன் வீட்டில் புத்தகத்தை மூடி வைக்கிற இடத்தில் டிவியையும் மூடியிருக்கிறார். என் ஊகம் தப்பாக இருக்கலாம். பக்கத்து அறையில்தானே இருக்கிறார், கேட்டுப் பாருங்கள். படத்தைப் பற்றிக் கேட்க வேண்டாம், அனசூயை என்ன நகை கொடுத்தாள் என்று ஆரம்பியுங்கள். மகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒன்று. அம்மா கடைசிக் காட்சியைப் பார்க்கவில்லை. பள்ளிகொண்ட பெருமாளின் காலை லட்சுமி பிடித்துவிடுவதைத்தான் எல்லாச் சன்னதியிலும் பார்த்திருக்கிறோம். இங்கே தாயார் சாய்ந்திருக்கிறாள், பெருமாள் அவள் காலைப் பிடித்துவிடுகிறார். அந்தச் சின்னத் துண்டை மட்டும் போட்டுக் காட்டுங்கள். சிரித்தாரா திட்டினாரா என்று எழுதுங்கள்.