இஞ்ச்கேப் பிரபு: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். எதிரே நின்ற பி.ஐ. (பிரிட்டிஷ் இந்தியா) கப்பல் கம்பெனியை ‘வெள்ளைக்காரக் கம்பெனி’ என்பதோடு விட்டுவிட்டீர்கள். பின்னாளில் அதன் தலைவரான இஞ்ச்கேப் பிரபு பரம்பரைப் பணக்காரர்தானே? அவரைப் பற்றி எழுதலாமே.

ச., தூத்துக்குடி

அன்புள்ள ச.,

நீங்கள் சொல்வது சரி. அந்த ஆளின் பெயரை நான் எழுதியிருக்க வேண்டும்.

ஆனால் அவர் பிரபுவாகப் பிறந்தவர் இல்லை. ஸ்காட்லாந்தில் ஆர்ப்ரோத் என்ற கடலோர ஊரில் 1852இல் பிறந்த ஜேம்ஸ் மெக்கே, ஒரு கப்பல் கேப்டனின் மகன். சின்ன வயதிலேயே தந்தையை இழந்தவர். 1874இல் கல்கத்தாவுக்கு வந்து மெக்கினன் மெக்கன்சி என்ற வணிகக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். பி.ஐ. கப்பல்களுக்கு அவர்கள்தான் ஏஜெண்ட். இருபது வருஷத்துக்குள் அங்கே பங்குதாரர், வைஸ்ராயின் சட்டசபையில் உறுப்பினர் என்று வளர்ந்துவிட்டார்.

1906இல் வ.உ.சி. கம்பெனி தொடங்கியபோது மெக்கே லண்டனில் பி.ஐ.யின் இயக்குநர்களில் ஒருவர். கொழும்புக் கட்டணத்தை அடிமாட்டு விலைக்கு இறக்கிச் சுதேசிக் கம்பெனியை நொடிக்க வைத்தது அந்த பி.ஐ.தான்.

1911ஐப் பாருங்கள். வ.உ.சி. சிறையில் இருக்கிறார். அவருடைய கம்பெனி கலைக்கப்படுகிறது. அதே வருஷம் மெக்கே ‘இஞ்ச்கேப் பிரபு’ ஆகிறார். மகன், பேரன் என்று இறங்கும் பட்டம் அது; அன்றைக்கு அதோடு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் பிரபுக்கள் சபையில் இடமும் சேர்ந்தே வரும். நீங்கள் கேட்ட பரம்பரை அவரிடமிருந்துதான் தொடங்குகிறது, அதுவும் கப்பல் காசில். இந்த இரண்டு செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

1914இல் பி.ஐ.யும் பி அண்ட் ஓ என்ற இன்னொரு பிரிட்டிஷ் கப்பல் கம்பெனியும் இணைந்தன. 1932இல் சாகும்வரை அவர்தான் தலைவர். 1929இல் ஏர்ல் என்ற இன்னும் உயர்ந்த பிரபுப் பட்டமும் வந்தது.

அதற்கு முந்தைய வருஷம்தான் மகள் எல்சியை இழந்திருந்தார். எல்சி விமானம் ஓட்டுவார். 1928 மார்ச்சில், பெற்றோர் எகிப்தில் இருந்த நேரத்தில், விமானி கேப்டன் ஹிஞ்ச்லிஃபுடன் அட்லாண்டிக்கைத் தாண்டக் கிளம்பினார். இருவரும் கரை சேரவில்லை. எல்சி விட்டுச்சென்ற பணத்தில் 5 லட்சம் பவுண்டைக் குடும்பம் பிரிட்டிஷ் அரசுக்குக் கொடுத்தது. சுமார் 50 வருஷம் அதை வட்டியோடு வளரவிட்டு, பிறகு தேசியக் கடனை அடைக்க எடுத்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. இதைப் படித்தபோது அந்த அப்பாவுக்காக வருத்தப்பட்டேன். வ.உ.சி. விஷயத்தில் என் கோபம் குறையவில்லை.

கட்டுரையில் அவர் பெயரைச் சேர்த்துவிட்டேன். நன்றி.